நூல் சுற்றப் பழகும் பிஞ்சு விரல்கள்

ஊசியையும் கத்தரிக்கோலையும் கையாளும் பருவத்தை எட்டாத மூன்று, நான்கு வயதுக் குழந்தையும் பெரும்பாலும் தானாகவே செய்யக்கூடிய கைவேலை, அட்டையிலோ குச்சியிலோ கம்பளி நூலைச் சுற்றுவதாகும். ஒரு கை பொருளைப் பற்றியிருக்க மறு கை நூலைச் செலுத்துவதால் இரு கைகளும் இசைந்து இயங்கப் பழகுகின்றன. பின்னர் எழுதுகோலைப் பிடிப்பதற்கு வேண்டிய விரல்நுனிப் பிடிப்பும் இதனால் வலுப்பெறுகிறது. தவறு நேர்ந்தால் சுற்றைப் பிரித்து மீண்டும் சுற்றலாம் என்பதால், பொருள் வீணாகிவிடுமோ என்ற அச்சத்திற்கும் இடமில்லை.

கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்களும், இழை நெடுகிலும் இயற்கையான நெளிவும் இருப்பதால், அது வழுக்காமல் சுற்றிய இடத்திலேயே நிற்கிறது. கடைகளில் உல்லன் நூல் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக் எனப்படும் செயற்கை இழையே ஆயினும், தடிமனும் சொரசொரப்பும் உடையதாக இருந்தால் அதுவும் இவ்வேலைக்குப் போதுமானது.

மழலையர் கல்வியில் கம்பளி நூலுக்குப் பழைய இடமுண்டு. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் நகரில் 1837-இல் சிறுவர்களுக்கான கல்வி நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்ட பிரெட்ரிக் புரோபெல், குழந்தைக்குத் தரும் முதல் விளையாட்டுப் பொருளாக ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகளையே வகுத்தார்.

கற்பித்தலை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். விளிம்புகளில் சிறு வெட்டுகள் இட்ட தடித்த அட்டையில், நூல்முனையைப் பெரியவர் பசைநாடாவால் ஒட்டித் தந்தால், வெட்டுகளில் நூல் சிக்கி நிற்க, குழந்தை விரும்பிய திசையில் சுற்றிக்கொள்ளும். அது கைவந்த பின், ஏறத்தாழ ஐந்து வயதில், குறுக்காகக் கட்டிய இரண்டு ஐஸ் குச்சிகளுக்கு மாறலாம். ஒரு குச்சியின் மேலாக நூலைக் கொண்டுசென்று, அடிவழியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அடுத்த குச்சிக்கு நகர வேண்டும். திசை மாறாமல், முந்தைய சுற்றின் மேல் ஏறாமல், அதன் வெளிப்புறத்தை ஒட்டியே புதிய சுற்று அமைய வேண்டும். இவ்வாறு தொடர்ந்தால், நடுவிலிருந்து விரியும் வண்ணச் சதுரம் உருவாகும். மெக்சிகோவின் மேற்கு மலைத்தொடரில் வாழும் விராரிக்கா மக்கள், தம் குழந்தைகளின் நலம் வேண்டி இவ்வடிவத்தைச் சமயச் சடங்குகளில் படைக்கின்றனர். ஸ்பானிய மொழியினர் இதனைக் கடவுளின் கண் என்கின்றனர். விளையாட்டாகக் கற்பிக்கும்போதும், இதன் பின்னுள்ள நம்பிக்கையைக் குழந்தைகளுக்கு மதிப்புடன் எடுத்துச் சொல்வது பொருத்தமாகும்.

நூலைக் குழந்தையின் கை நீளத்திற்கு மிகாமல் வெட்டித் தருவதும், கழுத்திலோ விரலிலோ அது இறுகாதபடி அருகிலிருந்து கவனிப்பதும் பெரியவரின் கடமை. சொல்லைக் குறைத்து, மெதுவாகச் செய்து காட்டியபின், குழந்தை சுற்றியது ஒழுங்காக இல்லையென்று அதைப் பிரித்துத் திருத்தும் ஆவலைப் பெற்றோரும் ஆசிரியரும் அடக்கிக்கொள்ள வேண்டும். குழந்தையின் கை பழகுவதே இக்கைவேலையின் நோக்கம், அதன் அழகு அதற்கு அடுத்ததே.