பலகைத் தளத்திற்கு ஏற்ற பூச்சு எது?

வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கும் மலேசியாவில், வீட்டின் வெளிப்புறத்தே அமைக்கும் பலகைத் தளம் நெடுநாள் நிலைக்க வேண்டுமானால் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். ஒன்று மரத்தின் இயல்பு. மற்றொன்று பூச்சின் இயல்பு. முன்னதை ஆராயாமல் பின்னதை மட்டும் விலை கொடுத்து வாங்குவோர் பணத்தை மழையில் கரைப்பவரே ஆவர்.

மரத்தின் தன்மை

மரத்தின் உட்பகுதி வைரம். அதனைச் சூழ்ந்த இளம்பகுதி வெளிறு. உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்துக் கூறுகிறது. வெளிறு எம்மரத்தினதாயினும் விரைவில் உளுத்துவிடும்.

செலாயாங்கை அடுத்த கெப்போங்கில் 1929ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வன ஆராய்ச்சி நிலையத்தில், மரக் குச்சிகளை மண்ணில் நட்டு, கறையானும் பூஞ்சையும் அவற்றை அழிக்க எத்தனை ஆண்டுகள் ஆகின்றன எனச் சோதித்தனர். பத்தாண்டுக்கு மேல் தாங்குபவை மிக உறுதியானவை, செங்ஙால் அவ்வகை. இரண்டாண்டும் தாங்காதவை உறுதியற்றவை. நம்மவர் நன்கறிந்த ரப்பர் மரம் அவ்வகை. ரப்பர் மரப் பலகை வீட்டினுள் நாற்காலிக்கு ஆகும். எத்துணை உயர்ந்த பூச்சும் அதனை வெளித்தளத்திற்கு உரியதாக்காது.

பூச்சின் தன்மை

மரநார்களைப் பிணைத்து நிற்பது லிக்னின் என்னும் பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதனைச் சிதைப்பதாலேயே பலகை நரைக்கிறது. நிறமற்ற நீர்த்தடுப்புப் பூச்சு மழையைத் தடுக்குமேயன்றி வெயிலைப் பெரிதும் தடுக்காது. சாயத்தில் கலந்துள்ள நிறத்துகள்களே குடைபோல் நின்று கதிர்களை மறிக்கின்றன.

வார்னிஷ் பலகையின்மேல் ஏடாகப் படியும். மரமோ மழையில் பருத்து வெயிலில் சுருங்கும். அதனால் ஏடு வெடிக்கும். வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி மரத்தை அழுகச் செய்யும். பின்னர் முழுவதையும் சுரண்டி எடுத்தல் வேண்டும். மரத்தினுள் ஊறும் எண்ணெய்ச் சாயமோ உரிவதில்லை; மெல்ல மங்கும். கழுவி, உலர்த்தி, மறுபடி பூசினால் போதும். ஆதலின் வெளித்தளத்திற்குப் பளபளப்பைவிட ஊறும் தன்மையே வேண்டற்பாலது.

பூசும் முறை

செங்ஙால் போன்ற செறிந்த மரங்கள் மிகுதியாக உறிஞ்சா. மெல்லிதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும், இன்றேல் பிசுபிசுக்கும். புதிய மெர்பாவ் பலகை மழையில் பழுப்புச் சாறு கசியும். சாறு கழுவிப் போனபின் பூசுக. அறுத்த முனைகள் நீரை மிக விரைவாகக் குடிக்குமாதலால் அவற்றை முதலில் அடைத்தல் நலம். பலகைகளுக்கிடையே நீர் வடிய இடைவெளியும் வேண்டும்.

மறுபூச்சுக்குரிய காலத்தைப் பலகையே சொல்லும். சில துளி நீர் விட்டுப் பார்த்தால், அது முத்துப்போல் நிற்கும் வரை பூச்சு உயிருடன் உள்ளது. உடனே ஊறிவிட்டால் மீண்டும் பூசுக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து உலர்கையில் வெப்பம் பிறக்கிறது. அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால் அவை தாமே தீப்பற்றக் கூடும். தளத்தைக் காக்க முனைந்து வீட்டை இழத்தல் தகாது. துணிகளை நீரில் நனைத்தோ, வெளியே தனித்தனியே விரித்து உலர்த்தியோ அகற்றுக.