கண்ணுக்குள் ஒரு தூசு

மகாராஜபுரத்தின் ஓட்டு வீடுகளில் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளிக்கற்றையில் எண்ணற்ற தூசுகள் மிதக்கும். காற்று அசையாதபோதும் அவை ஏன் சட்டென்று கீழே விழுவதில்லை?

துகள் சிறுத்தால் அதன் எடை மிக வேகமாகக் குறைகிறது. காற்றின் தடை அவ்வளவு குறைவதில்லை. ஸ்டோக்ஸ் விதிப்படி விட்டம் பத்தில் ஒரு பங்கானால் விழும் வேகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகும். நீரின் அடர்த்தியும் 10 மைக்ரான் விட்டமும் உள்ள துகள் 2 மீட்டர் இறங்கச் சுமார் 11 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ 16 மணி நேரம்! (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்.)

இந்தத் தூசு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் ஒட்டினால்?

உங்கள் பாட்டிக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தால், மங்கிய இயற்கை லென்ஸை நீக்கிவிட்டு மருத்துவர் செயற்கை லென்ஸ் பொருத்தியிருப்பார். 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி தொடங்கிவைத்த முறை இது. நம் நாட்டில் அந்த லென்ஸ் ஒரு காலத்தில் விலை உயர்ந்த இறக்குமதிப் பொருள். 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் தொடங்கிய ஆரோலேப், அதை இங்கேயே குறைந்த விலையில் தயாரித்தது. இத்தகைய வேலைக்குத் ‘தூய அறை’ தேவை.

அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் சாதாரண அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் கோடிக்கணக்கில் இருக்கலாம். பன்னாட்டுத் தரத்தில் 5-ஆம் வகுப்புத் தூய அறையில் அவை 3,520-ஐத் தாண்டக்கூடாது. அப்படியானால் தூசு எங்கிருந்தெல்லாம் வருகிறது?

வெளிக்காற்று: இதைத் தடுப்பது எளிது. ஹெபா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். அறையின் அழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாக வைத்தால், கதவைத் திறக்கும்போது காற்று வெளியே பாயுமே தவிர உள்ளே வராது.

மனிதன்: பெரிய ஊற்று இவன்தான்! நம் தோல் ஓயாமல் செதில்களை உதிர்க்கிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரிடமிருந்தே நிமிடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் துகள்கள் வெளிவருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நடந்தால் இன்னும் பல மடங்கு. அதனால்தான் தலை முதல் கால் வரை மூடும் உடையும், நிதானமான நடையும். முகப்பவுடர், திருநீறு, தலையில் பூ எதற்கும் உள்ளே இடமில்லை.

வேலை: பிளாஸ்டிக்கைக் கடைந்தால் துகள் பறக்கும். காகிதமும் பென்சிலும்கூடத் தூசு தரும். பிளாஸ்டிக் உராயும்போது நிலை மின்னூட்டம் பெற்றுத் தூசை இழுக்கும்.

நீர்: ‘கிருமியைக் கொன்றுவிட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. சிலவகைப் பாக்டீரியாக்கள் செத்த பிறகும் அவற்றின் உறையிலுள்ள நச்சு எஞ்சி நிற்கும். அது கண்ணில் கடும் அழற்சியை உண்டாக்கலாம். ஆகவே கழுவும் நீரே மிகத் தூய்மையாக இருக்கவேண்டும்.

நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பிளாஸ்டிக் அளவுகோல்களைக் கழுவி உலர்த்துங்கள். ஒன்றை மட்டும் உலர்ந்த துணியால் நன்றாகத் தேயுங்கள். இரண்டையும் நுண்ணிய சாம்பலுக்குச் சற்று மேலே பிடியுங்கள். எதில் அதிகம் ஒட்டுகிறது? அப்படியானால், லென்ஸை உலர்ந்த துணியால் துடைப்பது தூசை நீக்குமா, சேர்க்குமா? சிந்தித்துப் பாருங்கள்.