நடுவில் கொஞ்சம் ஜெல்லி

“கதிரியக்கச் சிகிச்சை எனக்கு வேண்டாம்,” என்று அப்பா சொன்னபோது, வலிக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். காரணம் வேறு. அந்தச் சிகிச்சை செய்துகொண்ட அவருடைய நண்பர், எங்கே போனாலும் முதலில் கழிவறையைத்தான் தேடுவாராம். “இப்போதெல்லாம் காப்பிக்கடைக்குக்கூட வருவதில்லை,” என்றார் மெதுவாக.

அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். நல்லவேளையாக வெளியே பரவவில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் நானே கேட்டுவிட்டேன். அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். புராஸ்டேட்டுக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தள்ளி மலக்குடல். முன்னதைத் தாக்கும் கதிர் பின்னதையும் சுடலாம். சிலருக்கு இரத்தக்கசிவு, அடக்க முடியாத அவசரம் போன்ற தொல்லைகள் வருவது அதனால்தான். “இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஜெல்லி வைக்கலாம்,” என்றார்.

அதன் பெயர் ஹைட்ரோஜெல். தண்ணீர் போன்ற இரண்டு திரவங்கள் கலந்தபடியே ஊசிவழி உள்ளே போய், சுமார் 10 விநாடிகளில் இறுகிவிடும். தீபாவளிக்கு அம்மா காய்ச்சும் அகார் அகார், ஆறினால்தான் உறையும். இது உடல் சூட்டிலேயே உறைகிறது. பாலிஎதிலீன் கிளைக்கால் மூலக்கூறுகள் வலைபோலப் பின்னித் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர் ஜெல், மலக்குடலை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துகிறது. குறிவைத்த இடத்தைத் தாண்டியதும் கதிரின் அளவு விரைவாகக் குறையும் என்பதால், அந்தச் சிறு இடைவெளியே பெரிய காவல்.

சுமார் மூன்று மாதம் அப்படியே இருக்கும். ஆறு மாதவாக்கில் கரைந்து சிறுநீரில் வெளியேறிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015ல் இதை அனுமதித்தது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. புற்று, சுரப்பியின் பின்புறம் தாண்டியிருந்தால் தவிர்ப்பார்கள். கிருமித்தொற்று, ஜெல் தவறான இடத்தில் இறங்குவது போன்ற அபாயங்களும் அரிதாக உண்டு. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம்.

அப்பா சம்மதித்தார். மயக்க மருந்து கொடுத்து, அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடி ஊசி போட்டார்கள். மாலையே வீடு திரும்பிவிட்டார். பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் கதிரியக்கம். சிறுநீர் எரிச்சல் சில வாரம் படுத்தியது. அவர் பயந்த தொல்லை வரவில்லை.

ஜெல் இந்நேரம் கரைந்திருக்கும். அப்பா காலையில் காப்பிக்கடையில் இருக்கிறார். நண்பரையும் வற்புறுத்தி அழைத்துப் போகிறார். கழிவறைக்குப் பக்கத்து மேசைதான் இப்போது அவர்களுடைய இடம்.

உங்கள் வீட்டுப் பெரியவர் சிகிச்சை வேண்டாம் என்றால், கோபப்படாமல் ஏன் என்று கேளுங்கள். எங்களுக்கு வழி திறந்தது அந்தக் கேள்வியில்தான்.