கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் கழுவுதலே முதல் மருத்துவம்

பாக்கு, காபி முதலிய தோட்டப் பயிர்களில் பூஞ்சாண நோய்களைத் தடுக்க ஒரு சத போர்டோ கலவை தெளிக்கப்படுகிறது. 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்ப்பது வழக்கம். இதற்காகச் சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் விழுந்தால் பார்வையே பறிபோகக்கூடும். அப்போது கண்ணைக் காப்பது, முதல் சில நிமிடங்களில் ஊற்றப்படும் தண்ணீரே.

காரம் ஏன் கொடியது?

டிராக்டர் பேட்டரியிலுள்ள கந்தக அமிலமும் கண்ணைப் புண்ணாக்கும். ஆனால், அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, மேலும் உட்செல்வதை ஓரளவு தடுக்கிறது. சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்களோ திசுக்களைக் கரைத்துக்கொண்டு கருவிழியைத் தாண்டியும் செல்லும். இமைக்கடியில் ஒரு துகள் தங்கினாலும் காரம் கசிந்துகொண்டே இருக்கும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியது

கண்ணைக் கசக்கக்கூடாது. இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, அருகில் கிடைக்கும் சுத்தமான நீரை உடனே ஊற்ற வேண்டும். குறைந்தது 20 நிமிடங்களாவது இடைவிடாமல் கழுவுதல் அவசியம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும், காரத்தை முறிப்பதாக எண்ணி எலுமிச்சைச் சாறு பிழிவதும் தவறு. மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும் நீர் ஊற்றிக்கொண்டே செல்வது நலம். பூச்சிமருந்து தெறித்திருந்தால் டப்பாவையோ அதன் லேபிளையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

செவிலியர்க்குப் பயிற்சி

ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்கு முதலில் பழக்க வேண்டியது வேலையின் வரிசையே. சீட்டு எழுதுவது, பார்வையைச் சோதிப்பது எல்லாம் பிறகுதான். கழுவுதலே முதல் வேலை. காரஅமிலச் சோதனைத் தாளைக் கீழிமையின் உட்புறம் தொட்டுப் பார்க்க ஒரு நொடி போதும். அத்தாள் கைவசம் இல்லையென்றால் அதைத் தேடி நிற்கக்கூடாது.

மரப்புச் சொட்டு மருந்து விட்டால் நோயாளி கண்ணைத் திறந்து வைக்க இயலும். தலையைப் பாதிக்கப்பட்ட கண்ணின் பக்கம் சாய்த்து, சலைன் பாட்டிலின் டிரிப் குழாய் வழியே மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக நீரை ஓடவிட வேண்டும். அப்போதுதான் கழுவிய நீர் மற்றக் கண்ணில் படாது. சலைன் இல்லாவிடில் குழாய் நீரே போதும்.

அதிகம் மறந்துபோவது மேலிமையைத்தான். அதைப் புரட்டி, ஒட்டியுள்ள சுண்ணாம்புத் துகள்களை ஈரப் பஞ்சுக் குச்சியால் எடுத்தல் வேண்டும். இமை புரட்டுவது கேட்டு மட்டும் வரும் பழக்கமன்று. செய்து பழகினால்தான் வரும்.

சுமார் 30 நிமிடம் கழுவியபின், ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தாளால் சோதிக்க வேண்டும். அளவு ஏழையொட்டி நிலைத்தால்தான் கழுவுதல் முடிந்தது. இல்லையேல் தொடர வேண்டும். பின்னர் கண் மருத்துவரிடம் அனுப்புதல் கட்டாயம். இதற்கான பொருள்கள் அனைத்தும் ஒரே தட்டில் எப்போதும் தயாராக இருத்தல் வேண்டும்.

உழவர் பெருமக்களும் சுண்ணாம்பு நீற்றும்முன் கண்ணாடி அணிந்து, பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்வார்களாக. அந்தக் குடம்தான் முதல் மருத்துவர்.