குறி தவறுவது கையாலா, திரையாலா?

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

விளையாட்டு என்றால் மைதானமும் வியர்வையும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. நாற்காலியில் அமர்ந்தபடியே துப்பாக்கி ஏந்திப் போரிடும் கணினி விளையாட்டுகள் இன்று இளைஞர் உலகை ஆட்கொண்டுள்ளன. அவை நல்லவையா, தீயவையா என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமன்று. அவற்றுள் ஒளிந்திருக்கும் இயற்பியலைச் சற்று எடுத்துக் காட்டவே விழைகின்றேன்.

எங்கள் விடுதியில் ‘கவுன்டர் ஸ்டிரைக்’ ஆடித் தோற்றவர் உடனே சொல்லும் காரணம் ஒன்று உண்டு. “என் திரை 60 ஹெர்ட்ஸ்தான், நான் என்ன செய்வேன்?” என்பதே அது. தவணைக் கடனில் 240 ஹெர்ட்ஸ் திரை வாங்க எண்ணுவோரும் இருக்கின்றனர். நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். என் அக்காளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு வழங்கிய மடிக்கணினியில்தான் ஆடுகின்றேன். புதிய திரையின் விலை என் தந்தையாருக்குப் பல வாரக் கூலி. எனவே எனக்கு இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால்? அளந்து பார்த்துச் சொல்வதன்றோ அறிவியல் மாணவனின் கடமை!

படத்தின் வயது

திரையில் ஓடும் எதிரி உண்மையில் ஓடவில்லை. ஃபிரேம் எனப்படும் தனித்தனிப் படங்களைக் கணினி வரைந்து தள்ளுகிறது. திரை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பிக்கிறது. அதாவது 16.67 மில்லி விநாடிக்கு ஒரு முறை. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு இந்த இடைவெளி 6.94, 240 ஹெர்ட்ஸ் திரைக்கு 4.17 மில்லி விநாடி.

இதை ஒரு தபால் வண்டியாகக் கருதுவோம். கணினி கடிதம் எழுதுபவர். திரை, குறித்த நேரத்திற்கு ஒரு முறை புறப்படும் வண்டி. கடிதம் நம் கைக்கு வரும்போது அதிலுள்ள செய்தி பழையதாகிவிடுகிறது. அதுபோலவே திரையில் நாம் காணும் எதிரி, சற்று முன்பு அங்கே இருந்த எதிரியே! மவுஸை அசைத்தது முதல் அதன் விளைவு கண்ணுக்குத் தெரிவது வரையுள்ள இந்தக் காலமே தாமதம் எனப்படும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எதிரி திரையில் விநாடிக்கு 960 புள்ளிகள் வீதம் குறுக்கே ஓடுகிறான். மொத்தத் தாமதம் 50 மில்லி விநாடி எனில், நாம் காணும் இடத்திலிருந்து அவன் 48 புள்ளிகள் விலகிச் சென்றிருப்பான். கையில் குறையில்லை, ஆயினும் குறி தவறும்.

1993 ஆம் ஆண்டில் ஸ்காட் மெக்கென்சி, காலின் வேர் என்னும் ஆய்வாளர்கள், மவுஸைக் கொண்டு இலக்கை அடையும் வேலையில் இத்தாமதத்தின் விளைவை அளந்தனர். தாமதம் 225 மில்லி விநாடி ஆனபோது, இலக்கை அடையும் நேரம் 64 விழுக்காடும், தவறுகள் 214 விழுக்காடும் கூடின. ஆக, கூடம் கோணலாவதும் உண்மையே.

இரண்டு வேகங்கள்

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. கணினி படம் வரையும் வேகம் வேறு. திரை காட்டும் வேகம் வேறு. “60 ஹெர்ட்ஸ் திரையில் 200 படங்கள் வரைந்து என்ன பயன்?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பயன் உண்டு. அடிக்கடி கடிதம் எழுதினால், வண்டி புறப்படும் வேளையில் கையிலிருப்பது புத்தம் புதிய கடிதமாக இருக்குமன்றோ?

‘வி-சிங்க்’ என்னும் அமைப்பு இதைத் தடுக்கிறது. ஒரு படத்தின் மேற்பாதியும் மற்றொன்றின் கீழ்ப்பாதியும் சேர்ந்து திரை கிழிந்தாற்போல் தெரிவதைத் தவிர்க்கவே இது உண்டாயிற்று. ஆனால் இது இயங்கும்போது, எழுதுபவர் ஒரு கடிதத்தை விரைவாக முடித்துவிட்டு, அடுத்த வண்டி வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கிறார், கடிதம் பழையதாகிறது. எழுதி முடிக்கச் சற்றே பிந்தினாலோ, அந்த வண்டி போய்விடுகிறது, அடுத்த வண்டிதான். இதன் எளிய வடிவில், படம் 17 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் போதும், 60 ஆக இருந்த வேகம் 30 ஆகச் சரிந்துவிடும்.

சராசரி ஏமாற்றும்

மற்றொன்று, சராசரியை நம்பக்கூடாது. ஒரு விநாடியில் 59 படங்கள் தலா 10 மில்லி விநாடியில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 410 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று கொள்வோம். சராசரி 60 தான். ஆனால் ஏறத்தாழ அரை விநாடி திரை உறைந்து நின்றது; அதற்குள் நம் கதை முடிந்திருக்கும்! தாமதம் நிலையாக இருந்தால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். ஏறி இறங்கும் தாமதத்திற்கு எந்தக் கையும் பழக முடியாது. 1993 இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டு விநாடிக்கு 35 படங்களுக்கு மேல் காட்டியதில்லை. அதிலும் குறி தவறாது சுட்டவர்கள் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடிக்கோல் சோதனை

அப்படியாயின் விலை உயர்ந்த திரையால் கிடைப்பது எவ்வளவு? 60 இலிருந்து 120 ஹெர்ட்ஸுக்குச் சென்றால் இடைவெளியில் 8.33 மில்லி விநாடி மிச்சம். 120 இலிருந்து 240 க்கு 4.17. 240 இலிருந்து 360 க்கு 1.39 மட்டுமே. விலை ஏற ஏற, பயன் இறங்குகிறது.

இதை நாமே உணர ஒரு வழி உண்டு. நண்பர் ஒருவர் அடிக்கோலை நழுவவிட, நாம் விரல்களால் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால், நமக்கு ஆன நேரம் 0.2 விநாடி என்று பொருள். அந்த இடத்தில் அடிக்கோலின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், 8.33 மில்லி விநாடி என்பது சுமார் 1.6 சென்டிமீட்டர், 1.39 மில்லி விநாடி என்பது 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. எங்கள் விடுதியில் ஒரே நண்பர் அடுத்தடுத்துப் பிடித்த அளவுகளே சில சென்டிமீட்டர் வேறுபட்டன. சமபலமுள்ள தேர்ந்த வீரர்களுக்கு அந்த 3 மில்லிமீட்டரும் முக்கியமாகலாம். நம் போன்றோருக்கு அது தூக்கமில்லாத ஓர் இரவில் காணாமற்போகும்.

வேகமான திரையில் வேறு நன்மையும் இருப்பதை மறைப்பது முறையன்று. மேற்சொன்ன எதிரியைக் கண் பின்தொடரும்போது, 60 ஹெர்ட்ஸ் திரையில் அவன் உருவம் சுமார் 16 புள்ளி அகலத்திற்கு மங்கித் தெரியும். 240 ஹெர்ட்ஸில் 4 புள்ளி மட்டுமே. ஆயினும் 2019 இல் என்விடியா நிறுவனத்தின் ஆய்வாளர்களே வெளியிட்ட முடிவு, 60 ஹெர்ட்ஸுக்கு மேல் திரை வேகத்தைக் கூட்டுவதைவிடத் தாமதத்தைக் குறைப்பதே குறி பார்ப்பதற்கு அதிகம் உதவுகிறது என்பதாகும்.

செலவில்லாத சீர்திருத்தங்கள்

தாமதத்தைக் குறைக்கக் காசு வேண்டியதில்லை. முதலில், கணினியின் அமைப்புகளில் திரையின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கிவிட்டு, அதை 60 இலேயே ஓட்டிக்கொண்டிருப்போர் உண்டு. வி-சிங்க்கை நிறுத்துங்கள். நிழல் முதலிய அலங்காரங்களைக் குறையுங்கள். 1920 க்கு 1080 என்னும் அளவில் கணினி வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்திற்கு மேல். 1280 க்கு 720 எனக் குறைத்தால் சுமார் 9 லட்சத்து 20 ஆயிரம். வேலை பாதிக்கும் கீழ். கணினி தளர்வின்றித் தாங்கும் அளவிலேயே படவேகத்திற்கு உச்சவரம்பு இடுங்கள், ஏற்றத்தாழ்வு குறையும். மடிக்கணினியை மின் இணைப்பிலேயே வைத்து ஆடுங்கள்.

சிலர் 4:3 வடிவப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டு ஆடுகின்றனர். எதிரி மூன்றில் ஒரு பங்கு பருத்துத் தெரிவான்; ஆனால் அதே விகிதத்தில் வேகமாகவும் கடப்பான். ‘கவுன்டர் ஸ்டிரைக்’கில் பார்வைக் கோணமும் 106 பாகையிலிருந்து 90 ஆகச் சுருங்கும், ஓரத்தில் வருபவன் தெரியமாட்டான்.

நண்பர்களே! இத்தனையும் செய்தபின்னும் குறி தவறினால், கோணல் கூடத்தில் இல்லை என்று அறியலாம். அதன்பின் தேவை பயிற்சிதான். அதற்கும் மேலே ஏறும் நிலையை ஒருவர் அடைந்து, தாமே ஈட்டிய பொருளில் விரைவான திரை வாங்குவாரானால், அதை நான் குறை கூறேன். வீட்டார் அனுப்பும் பணத்தை எடுக்குமுன் மட்டும், ஓர் அடிக்கோலை எடுத்து அந்த 3 மில்லிமீட்டரை ஒரு முறை பாருங்கள்.