கதிர்காமக் காட்டுவழியும் தண்ணீரும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைத்துக் கிடக்கும் மணல் நிலத்தின்மேல் அமைந்த ஊர் களுதாவளை. எழுவான்கரை ஊர்களுள் வெற்றிலைக்குப் பெயர்பெற்றது. ஆண்டுதோறும் கச்சான் காற்று வீசி, மணல் கொதிக்கும் நாட்களில் இவ்வூர்த் தெருவிலே கால்நடையாக வரும் கூட்டங்களைக் காணலாம். தோளிலே ஒரு பொதி, கையிலே ஒரு கோல், முன்னே செல்பவர் கையில் வேல். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு வாரக்கணக்காக நடந்து வருவோரும் அவர்களுள் உண்டு. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலில் தங்கி இளைப்பாறி, வெயில் ஏறுமுன் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுவர். கதிர்காமத்து ஆடிவேல் விழாக் கொடியேற்றத்துக்குள் அவர்கள் போய்ச் சேரவேண்டும்.

களுதாவளையிலிருந்து உகந்தை வரையுள்ள நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வழியிலே துன்பம் மிகுதியில்லை. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில், பாணமை என ஊருக்கு ஊர் தண்ணீர்ப்பந்தலும் சோறும் காத்திருக்கும். உகந்தை முருகன் கோயிலைக் கடந்த பின்னரே உண்மையான நடை தொடங்குகிறது. அங்கிருந்து கதிர்காமம் வரை ஊரே இல்லை. குமண தேசிய வனமும் யால தேசிய வனமும் அடுத்தடுத்துப் பரந்து கிடக்கின்றன. ஐந்து அல்லது ஆறு நாள், வண்ணாத்திக் கிணறு, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்னும் தங்குமிடங்களைத் தொட்டுத் தொட்டு நடத்தல் வேண்டும். இப்பெயர்களைச் சற்று உற்று நோக்குக. ஒன்று கிணறு, இரண்டு ஆறு. கோபுரத்தையோ சந்தையையோ குறிக்கும் பெயர் ஒன்றுகூட இல்லை. இவ்வழியை முதன்முதலில் வகுத்தவர்கள் தண்ணீர் கிடைக்கும் இடங்களையே புள்ளிகளாக வைத்து, அவற்றை இணைத்துக் கோடு இழுத்தார்கள்.

இஃது ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கே போதும். வெயிலில் நாள்முழுதும் நடக்கும் ஒருவருக்கு, குடிக்கவும் சமைக்கவுமாக ஐந்து ஆறு லீற்றர் தண்ணீராவது வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆறு நாளைக்கு வேண்டிய தண்ணீரை முதுகில் ஏற்றினால் முப்பது கிலோவைத் தாண்டிவிடும். அந்தச் சுமையோடு மணலில் நடக்கும் மனிதன் இன்னும் மிகுதியாக வியர்ப்பான்; வியர்வைக்கு ஈடாக இன்னும் தண்ணீர் கேட்பான். ஆனால் ஆறு நாளைக்கு வேண்டிய அரிசியும் அவலும் மூன்று நான்கு கிலோவுக்குமேல் இல்லை. ஆகவே உணவைச் சுமந்து செல்லலாம். தண்ணீரைச் சுமந்து செல்ல முடியாது. அதை வழியிலே தேடிக்கொள்ளவே வேண்டும். பழைய யாத்திரிகரின் பொதியை அவிழ்த்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். அரிசி, பொரிமா, சர்க்கரை, உப்பு, புளி, ஒரு சிறு பானை, ஒரு கத்தி, மாற்று வேட்டி, சிரட்டை ஒன்று. குடிதண்ணீருக்கு ஒரு சுரைக்குடுக்கை மாத்திரம். சிரட்டை கஞ்சி குடிப்பதற்கு மட்டுமன்று. மணல் தோண்டுவதற்கும் அதுவே கருவி.

மணலைத் தோண்டினால் தண்ணீர் வரும் என்பது களுதாவளைத் தோட்டக்காரருக்குப் புதுமையான செய்தியன்று. ஒரு புறம் உவர்க்கடல், மறுபுறம் உவர்நீர் கலந்த வாவி. இரண்டுக்கும் நடுவே உள்ள மணலில் சில முழம் தோண்டினால் இனிய நீர்! வெற்றிலைக் கொடி உப்பைச் சிறிதும் பொறாது. அது இவ்வூரில் தழைப்பதே நிலத்தடி நீரின் இனிமைக்குச் சான்று. இதன் காரணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபென் என்பவரும், அவரையடுத்து ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் என்பவரும் கணக்கிட்டு விளக்கினர். மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகையால் மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் உண்டு என்பது அவர்கள் கண்ட கணக்கு. இதனுள் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலேறும். நீரிறைக்கும் யந்திரங்கள் பெருகிய இக்காலத்தில் கடலோரத் தோட்டக்காரர் மறக்கலாகாத கணக்கு இது.

உகந்தைக்கு அப்பாலும் கடற்கரை மணலின் இயல்பு இதுவேயாம். மணலில் கைக்கெட்டும் ஆழத்துக்குத் தோண்டும் சிறு நீர்க்குழியைப் பூவல் என்பர். பூவல் ஆழமாக இருத்தல் கூடாது. ஆழம் கூடினால் உப்புக் கூடும். அகலமாகத் தோண்டி, மேலே கசியும் நீரைச் சிரட்டையால் மெல்ல அள்ளுதல் வேண்டும். அவசரக்காரன் ஒரே இடத்தில் ஆழத் தோண்டி உவர்நீரைக் குடிப்பான். பொறுமையுள்ளவன் பத்து நிமிடம் காத்திருந்து நன்னீரைக் குடிப்பான்.

வற்றிய ஆறுகளில் முறை வேறு. மேலே மணல் காய்ந்து கிடந்தாலும் அடிமணலுக்குள்ளே நீர் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். ஆறு வளையும் இடத்தில், வெளிக்கரையை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் தோண்டுதல் வழக்கம். வெள்ளம் ஆழமாக அரித்த இடமாதலின் நீர் கடைசியாக வற்றுவது அங்கேதான். கரையிலுள்ள மரங்களும் வழிகாட்டும். கோடையிலும் பச்சை மாறாது வரிசையாக நிற்கும் மருத மரங்களைக் கண்டால் அவற்றின் வேர் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். மருத மரத்தைச் சிங்கள மக்கள் கும்புக் என்பர். குமுக்கன் ஆற்றின் பெயரே அம்மரத்திலிருந்து வந்தது. மற்ற ஆறுகள் வற்றினும் இவ்வாற்றில் ஆடி மாதத்திலும் பெரும்பாலும் நீர் ஓடும். அதன் கரையில் மருத நிழலில் ஒரு நாளேனும் தங்கிக் குளித்துக் களைப்பாறாமல் யாத்திரிகர் அப்பாற் செல்வதில்லை. அப்பால் உள்ளது வியாழைக் காடு. வெட்டவெளியும் முட்புதருமாய் நீண்டு செல்லும் அப்பகுதியே இவ்வழியில் கடுமையானது என்பது நடந்தவர்கள் எல்லோரும் ஒருமுகமாகக் கூறும் செய்தி.

இங்கே ஒரு கேள்வி எழலாம். தண்ணீருக்கு இத்தனை பாடுபடவேண்டுமானால், மழைக்காலத்தில் நடந்தாலென்ன? கிழக்குக் கரைக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி முதல் தை வரை அக்காடு முழுவதும் நீராகவே இருக்கும். அப்போது குடிக்கத் தண்ணீர் உண்டு. நடக்க நிலம் இல்லை. ஆறுகள் கரைபுரளும், களப்புகள் கடலோடு கலக்கும். மட்டக்களப்பு மக்களுக்கு இது தெரிந்ததே. வாவியின் முகத்துவாரத்தைக் கோடையில் கடல் மணலிட்டு மூடிவிடுவதும், மாரியில் வயல்கள் மூழ்காதிருக்க அதை வெட்டிவிடுவதும் இவர்கள் வாழ்வின் பகுதி. அவ்வாறே உகந்தைக்குத் தெற்கிலுள்ள சிறு களப்புகளின் வாய்களையும் கோடைக்காலத்தில் மணல் அடைத்து விடுகிறது. கடல் கட்டித்தந்த அம்மணற் பாலங்களின் மீதே யாத்திரிகர் கால்நனையாது கடக்கின்றனர். வறட்சியே வழியைத் திறக்கிறது. அவ்வறட்சியே தாகத்தையும் தருகிறது. இரண்டையும் பிரிக்க முடியாது.

இலங்கைக் காட்டில் இவ்வுண்மையை அநுபவத்தால் அறிந்த வேற்றுநாட்டார் ஒருவரும் உண்டு. 1660ஆம் ஆண்டு, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாற்றுக் குடாவில் தந்தையோடு சிறைப்பட்ட ஆங்கில இளைஞர் றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் அடைபட்டிருந்தார். 1679இல் தோழர் ஒருவரோடு அநுராதபுரத்து வழியாகத் தப்பி, மல்வத்து ஓயாவின் போக்கையே வழியாகக் கொண்டு நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் புறப்பட்டது பெருமழைக்கு முந்திய வறண்ட காலம். ஆறு ஒடுங்கிக் கிடந்தமையால் அதுவே அவருக்குத் தெருவும் ஆயிற்று, கிணறும் ஆயிற்று. அரிசி, பானை, கோடரி, கூடாரமாக விரிக்கத் தாளிப்பனையோலை என்று அவர் 1681இல் வெளியிட்ட நூலிலே தம் பொதியை விவரிக்கும்போது, நம் யாத்திரிகரின் பொதியே நினைவுக்கு வருகிறது.

நொக்ஸ் தனியே செல்லவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். முதுகிலே பையைக் கட்டிக்கொண்டு மனித வாடையற்ற தீவுகளிலும் காடுகளிலும் தன்னந்தனியாக நடத்தல் இக்காலத்தில் உலகெங்கும் ஒரு வேட்கையாகப் பரவியிருக்கிறது. தனிமையில் ஒரு பெருமை உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. துறவிகள் சிலர் இவ்வழியில் தனித்தும் நடந்திருக்கின்றனர். ஆயினும் இல்லறத்தார் கூட்டமாகவே செல்லுதல் நம் மரபு. அம்மரபு அச்சத்தினால் மட்டும் ஏற்பட்டது என எண்ணுதல் தவறு. கோடையில் யானைக்கும் கரடிக்கும் காட்டெருமைக்கும் தண்ணீர் வேண்டும். மனிதன் தேடும் அதே ஆற்று மணலைத்தான் யானையும் தேடுகிறது. காலாலும் துதிக்கையாலும் தோண்டி நீரெடுக்கிறது. யானை தோண்டிய குழியிலே யாத்திரிகர் நீர் மொள்வதும் உண்டு. ஆனால் தோண்டியது திரும்பி வரும். ஒருவர் குனிந்து நீரை அள்ளும்போது மற்றொருவர் நிமிர்ந்து நின்று காட்டைப் பார்த்திருத்தல் வேண்டும். தனியே சென்றவனுக்கு அந்த இரண்டாவது கண் ஏது? பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுக்கும் காலமாதலின் கரடிகளும் அம்மரங்களின் அடியிலே நிற்கும். வைகறையிலும் அந்தியிலும் பழமரத்தை அணுகும்போது உரக்க அரோகரா சொல்லிக்கொண்டு போவது பக்தி மாத்திரமன்று. கரடிக்கு முன்கூட்டியே செய்தி சொல்வதுமாகும். எதிர்பாராது நேர்ப்படும் கரடியே தாக்கும்.

நீரைக் கண்டெடுத்தல் ஒரு பாதி. குடிக்கத்தக்கதாக ஆக்குதல் மறு பாதி. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியிற் படியும். இது பழந்தமிழர் அறிந்த முறை. ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதிர்காம யாத்திரையில் வாந்திபேதி நோய் பரவிப் பலர் மாண்டனர். அதனாலேயே அக்கால அரசாங்கம் யாத்திரிகர் தொகையைக் கட்டுப்படுத்தும் விதிகளை இயற்றியது. பின்னர் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது இவ்விழாவின் ஒழுங்குகளை மேற்பார்வை செய்தார். நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். இதற்கு விறகும் பானையும் நேரமும் வேண்டும். ஐவர் கூடிச் சென்றால் ஒரு பானை போதும்.

பின்னர் வண்டிச் சாலையும் பேருந்தும் வந்தன, நடப்பவர் குறைந்தனர். அதன்மேல் போர் வந்தது. 1983ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நெடுநடை தடைப்பட்டது. 1970இல் தேசிய வனமாக்கப்பட்ட குமணப் பகுதி 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. திறந்த மறு ஆண்டே, 2004 மார்கழி 26ஆம் நாள், ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் அவ்வழி சிலரது கால்களிலேயே உயிரோடிருந்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் கூட்டம் பெருகியது. இன்று பல்லாயிரவர் செல்கின்றனர். ஏனைய நாட்களில் இவ்வனங்களுக்குள் வாகனத்தை விட்டு இறங்கி நடக்கப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. விழாவையொட்டிச் சில நாட்கள் மாத்திரமே காட்டுவழி திறக்கப்படுகிறது. உகந்தையில் பதிந்துகொண்டே உள்ளே செல்லவேண்டும்.

இப்போது தொண்டர்கள் தாங்கிகளில் நீர் கொண்டுவந்து வழியிலே வைக்கின்றனர். அது பெரும் புண்ணியம். முதியோரும் குழந்தைகளும் நடக்க முடிவது அதனாலேயே. ஆனால் அத்தாங்கி வரும் வரை வரிசையிலே நின்று, வராவிடில் செய்வதறியாது திகைக்கும் இளைஞர் காலடியிலேயே, தோண்டினால் நீர் தரும் மணல் கிடக்கிறது. வெறும் பிளாஸ்ரிக் போத்தல்களை அம்மணலில் எறிந்துவிட்டுப் போவோரும் உளர். அவற்றை மான் மரை தின்று மடிகின்றன என்பதைச் சொல்லவும் நாக் கூசுகிறது.

முன்னாளில் களுதாவளைப் பக்கத்துக் கூட்டங்களில் முதன்முறை வரும் சிறுவர்க்கு ஒரு வேலை உண்டு. வள்ளியம்மன் ஆற்றில் இறங்கியதும் பெரியவர் கோலால் மணலில் ஒரு வட்டம் கீறிக் காட்டுவார். பையன்கள் முழங்காலிட்டுச் சிரட்டையால் தோண்ட வேண்டும். முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்து வெளியே ஊற்றுவர். இரண்டாவது ஊறல் கைகால் கழுவ. மூன்றாவது ஊறலே பானைக்குப் போகும். புறப்படுமுன் குழியை மூடுவதில்லை. ஓரத்து மணலைச் சரித்து, மான்குட்டியும் இறங்கி ஏறத்தக்கதாகச் சாய்த்துவிட்டு, பொதியைத் தூக்கிக்கொண்டு கட்டகாமத்தை நோக்கி நடப்பர்.