அஞ்சு பவுண்டுக்குத் தரை டிக்கெட்

லண்டன்ல ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு நாடகமும் பார்த்து, ராச்சாப்பாடும் சாப்பிட்டு, இருபது பவுண்டுக்குள்ள முடிக்க முடியுமா? முடியும் மக்களே. நான் முடிச்சேன். ஆனா வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கணக்கு.

தேம்ஸ் நதியோட தென்கரையில ஷேக்ஸ்பியர்ஸ் குளோப்னு ஒரு நாடக அரங்கம். கொட்டகைன்னே சொல்லலாம், நிஜமாவே கூரை வேய்ஞ்சது. பழைய குளோப் 1599-ல கட்டினது. 1613-ல நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியோட பொறி கூரையில பட்டு எரிஞ்சு போச்சு. (ஒருத்தரோட கால்சட்டையில தீப்பிடிச்சதாம், பீரை ஊத்தி அணைச்சாங்களாம்!) இப்ப இருக்கிறது சாம் வானமேக்கர்ங்கிற அமெரிக்க நடிகர் வருஷக்கணக்கா அலைஞ்சு எழுப்பினது. 1997-ல திறந்தப்போ பார்க்க அவர் உயிரோட இல்லை, 1993-லயே போயிட்டார்.

சுத்தி மூணு அடுக்கு பெஞ்சு, அதுக்கும் மேடைக்கும் மேல மட்டும் கூரை. நடுவுல திறந்தவெளி முற்றம். அந்த முற்றத்துல எழுநூறு பேர் நிக்கலாம். ஷேக்ஸ்பியர் காலத்துல அதுக்கு ஒரு பென்னி, இப்ப 5 பவுண்டுல ஆரம்பம். நம்மூர் டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட் மாதிரிதான். ஒரே வித்தியாசம், அங்கே மணலைக் குவிச்சு ஜம்முனு உட்காரலாம். இங்கே நாடகம் நடக்கும்போது தரையில உட்காரவே கூடாது.

இந்த விஷயத்தைத்தான் நான் அவகிட்ட சொல்லலை.

என்கூடத்தான் மாஸ்டர்ஸ் படிக்கிறா. ஸ்டூடண்ட் விசாவுல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்த இருபதுல எட்டை அன்னைக்கு ஒரு காபிக் கடை கவுண்ட்டர்ல நின்னே கழிச்சுட்டு வந்திருந்தா. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் "டிக்கெட் எடுத்தாச்சு, வா"ன்னு மட்டும் சொல்லியிருந்தேன். பெஞ்சு டிக்கெட் விலையைப் பார்த்தப்போ எனக்கு வாடகைதான் ஞாபகம் வந்துச்சு. அதை ஒரு பொண்ணுகிட்ட எப்படிங்க சொல்றது?

ராச்சாப்பாடு பிரமாதமாத்தான் ஆரம்பிச்சுது. நான் கிளறின புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ரெண்டு டப்பா. ஆத்தோரமா உட்கார்ந்து, எதிர்க்கரையில செயின்ட் பால்ஸ் கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டோம். கோடையில ஏழு மணிக்கும் நல்ல வெயில் இருக்கும். "உப்பு கொஞ்சம் கம்மி, ஆனா நல்லா இருக்குடா"ன்னா. நான் மிதந்துக்கிட்டு இருந்தேன்.

உள்ளே போனதும், "நம்ம சீட் எங்கே?"

சொன்னேன். அவ கத்தலை. கத்தியிருந்தாக்கூடத் தேவலை. "காசு இல்லைன்னா சொல்லியிருக்கலாமே. இந்த டப்பாவோட ரூம்லயே உட்கார்ந்திருப்பேன். மறைச்சதுதான்டா கோவம்"னு சொல்லிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டா.

மூணு மணி நேரம்! நாடகம் 'டுவெல்ஃப்த் நைட்'. கப்பல் உடைஞ்சு பிரிஞ்ச இரட்டைப் பிள்ளைங்க, அதுல தங்கச்சி ஆம்பிளை வேஷம் போட்டுக்கிட்டு வேலைக்குச் சேர, யாரு யாருன்னு தெரியாம ஊரே குழம்புது. கிரேஸி மோகன் கையில கிடைச்சிருந்தா இன்னொரு ரவுண்டு வந்திருப்பார்னு தோணுச்சு. எனக்குத்தான் எதுவும் மண்டையில ஏறலை, அவ காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இடது கால், வலது கால்னு மாத்தி மாத்தி நின்னா. (போறவங்களுக்கு ஒண்ணு: சீக்கிரம் போங்க. மேடை விளிம்போ பின்பக்கச் சுவரோ கிடைச்சா சாய்ஞ்சுக்கலாம். நாங்க லேட்டு, நட்டநடுவுல மாட்டிக்கிட்டோம்.)

இடைவேளை முடிஞ்சதும் மழை பிடிச்சுது. முற்றத்துல குடை விரிக்கக் கூடாது, பின்னாடி நிக்கிறவங்களுக்கு மறைக்கும். பெஞ்சுக்காரங்க எல்லாம் காய்ஞ்சு போய் ஜோரா உட்கார்ந்திருக்க, நாங்க நனைஞ்ச கோழி. அந்த நேரத்துல மஞ்சள் காலுறையும் குறுக்குப் பட்டையுமா மால்வோலியோ வந்து இளிச்சார் பாருங்க... பக்கத்துல ஒரு சிரிப்புச் சத்தம். அவதான்! முகத்துல மழைத்தண்ணி வழிய வழியச் சிரிச்சா. மேடைக்கும் எங்களுக்கும் நாலடி கூட இல்லை. அந்தாள் எங்களைப் பார்த்துத்தான் பேசற மாதிரி இருந்துச்சு. அந்த நாடகம் முடியறதே மழையைப் பத்தின ஒரு பாட்டோடதான். கோமாளி அதைப் பாட, முற்றம் மொத்தமும் ஓன்னு கத்துச்சு.

வெளியே வந்து, "சாரி, சொல்லியிருக்கணும்"னேன். பதில் இல்லை. லண்டன் பிரிட்ஜ் வரைக்கும் மெதுவா நடந்து பஸ் பிடிச்சோம். முதல் பஸ் ஏறி ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான். எலிஃபண்ட் அண்ட் காஸில்ல மாறி 155-ல மாடிக்கு ஏறினோம். முன்னாடி சீட் ரெண்டும் காலி. பொத்துனு உட்கார்ந்து ஷூவைக் கழட்டி, ஈரக்காலை எதிர்க் கண்ணாடிப் பக்கம் நீட்டிக்கிட்டா.

"இந்த சீட் எவ்வளவுடா?"ன்னு கேட்டா.